இரண்டரை லிட்டரின் வழித்தடம்

ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் பின்பக்கத்தில் இருக்கும் என்ஜினுக்கு இரண்டரை லிட்டர் எண்ணெய்தான் கணக்கு. 2003 ஜூலை 30 அன்று மெக்ஸிகோவின் புவெப்லா ஆலையிலிருந்து கடைசி வண்டி வெளியே வந்தபோது, உலகில் செய்யப்பட்ட பீட்டில்களின் எண்ணிக்கை 2 கோடியே 15 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டரை லிட்டரை நம்பித்தான் ஓடின. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது, பேப்பர் ஃபில்டர்கூடக் கிடையாது. உராய்வைத் தடுக்க வேண்டியதும், சூட்டைச் சுமந்து வெளியே தள்ள வேண்டியதும், கரியையும் தூசியையும் தனக்குள் தாங்க வேண்டியதும் அந்த எண்ணெய்தான்.

பழைய பீட்டில் வைத்திருப்பவர்கள் இருவர் சந்தித்து, "என்ன ஆயில் ஊத்துறீங்க?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் பேச்சு லேசில் முடியாது. ஒற்றை கிரேடு 30 என்பார் ஒருவர். 20டபிள்யூ-50 என்பார் மற்றவர். லாரிக்கு ஊற்றும் டீசல் ஆயிலே மேல் என்று சொல்பவரும் உண்டு. டப்பாவின் மேல் அச்சிட்ட எழுத்துகளை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. அந்த எண்ணெய் எங்கே பிறந்தது, என்ஜினுக்குள் எந்த வழியாகப் போகிறது, போகிற வழியில் அதற்கு என்னென்ன நேர்கிறது என்று கூடவே போய்ப் பார்க்க வேண்டும்.

எட்வின் டிரேக் 1859-ல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் ஊரருகே எண்ணெய்க் கிணறு தோண்டியபோது அன்றைய உலகுக்கு வேண்டியிருந்தது விளக்கெரிக்க மண்ணெண்ணெய். இயந்திரங்களுக்கு அதுவரை மாட்டுக்கொழுப்பையும் ஆமணக்கெண்ணெயையும் திமிங்கில எண்ணெயையும் போட்டு வந்தார்கள். நீராவியின் சூட்டில் கொழுப்பு கெட்டு அமிலமாகி உலோகத்தை அரித்தது. மண்ணெண்ணெய் வடித்தபின் மிஞ்சிய கனமான பகுதி அப்படிச் சீக்கிரம் கெடவில்லை. அதிலும் பென்சில்வேனியாவின் கச்சா எண்ணெய் மெழுகுச் சத்து மிகுந்தது, மசகு எண்ணெய் எடுக்க வெகு பொருத்தம். அந்த மாநிலத்தின் பிராட்ஃபோர்டு ஊரில் 1881-ல் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையில் வடித்த எண்ணெயைத் தேடி வாங்கும் பழைய கார்க்காரர்கள் அமெரிக்காவில் உண்டு.

மசகு எண்ணெய்க்கான பகுதியைச் சாதாரணக் காற்றழுத்தத்தில் கொதிக்கவைத்தால் ஆவியாவதற்கு முன்பே மூலக்கூறுகள் உடையத் தொடங்கிவிடும். ஆகவே காற்றை உறிஞ்சியெடுத்த கோபுரத்துக்குள் குறைந்த அழுத்தத்தில் வடிக்கிறார்கள். பிறகு மெழுகை நீக்குகிறார்கள். இல்லையென்றால் குளிரில் கட்டிதட்டும். மிஞ்சுவது மூல எண்ணெய். டப்பாவில் நாம் வாங்குவதில் பெரும்பங்கு இதுதான். ஹைட்ரஜனைக் கொண்டு மூலக்கூறுகளையே மாற்றியமைத்து எடுக்கும் உயர்ரக எண்ணெயும், ரசாயன முறையில் கட்டிச் சேர்க்கும் செயற்கை எண்ணெயும் பின்னால் வந்தவை.

எண்ணெயின் கனத்துக்கு எண் கொடுக்கும் வழக்கத்தை எஸ்.ஏ.ஈ எனப்படும் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் 1911-ல் தொடங்கிவைத்தது. இன்றைய கணக்குப்படி 100 டிகிரி சூட்டில் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருந்தால் அது 30. 16.3 வரை 40. அதற்கும் மேலே 21.9 வரை 50. டபிள்யூ சேர்ந்த எண் குளிருக்கானது. மார்கழிக் காலையில் உறைந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு அந்த டபிள்யூவின் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. வண்டியைக் கிளப்பும் முதல் நொடிகளில் பேரிங்குகளுக்கு எண்ணெய் போய்ச் சேருமா என்பதை அந்த எண்தான் சொல்கிறது.

பீட்டில் வடிவம் பெற்ற காலத்தில் இரண்டு எண்ணும் சேர்ந்த எண்ணெய் கிடையாது. வெயில் காலத்தில் 30, குளிர் காலத்தில் 20, கடுங்குளிரில் 10 என்று பருவத்துக்குப் பருவம் மாற்றச் சொன்னது வண்டியோடு வந்த கையேடு. 1950-களுக்குப் பின்தான் பல கிரேடு எண்ணெய் பரவலானது. நீளமான பாலிமர் இழைகளை எண்ணெயில் கரைத்திருப்பார்கள். குளிரில் அவை சுருண்டு கிடக்கும், சூட்டில் விரிந்து எண்ணெய் நீர்த்துப்போகாமல் பார்த்துக்கொள்ளும். பற்சக்கரங்களுக்கிடையே நசுங்கினால் இந்த இழைகள் அறுபடும். பழைய மினி காரில் கியர்பாக்ஸும் என்ஜினும் ஒரே எண்ணெயில் ஓடியதால் இழைகள் சீக்கிரம் அறுந்தன. பீட்டிலில் கியர்பாக்ஸுக்குத் தனி எண்ணெய். எனவே பல கிரேடு எண்ணெயின் மேல் பழைய ஆட்களுக்கு இருக்கும் சந்தேகத்துக்கு இந்த என்ஜினில் அவ்வளவு இடமில்லை.

மூல எண்ணெயோடு சேரும் பொருள்களில் பழைய என்ஜின்காரர்கள் அதிகம் பேசுவது துத்தநாகத்தைப் பற்றி. துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள் அது, சுருக்கமாக இசட்.டி.டி.பி. 1940-களில் எண்ணெய் கெடாமலும் பேரிங் அரிக்காமலும் இருக்கவே அதைச் சேர்த்தார்கள். தேய்மானத்தைத் தடுக்கும் அதன் பெரிய குணம் பிற்பாடுதான் தெரியவந்தது. இரும்பும் இரும்பும் நசுங்கி உரசும் இடத்தில், அந்த உரசலின் சூட்டிலேயே அது சிதைந்து, கண்ணாடி போன்ற பாஸ்பேட் படலமாக உலோகத்தின் மேல் படிகிறது. படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். தேய்வது அந்தப் படலம், கீழே இருக்கும் இரும்பு தப்பிக்கிறது.

இந்த என்ஜினுக்கு அது ஏன் முக்கியம் என்பது கேம்ஷாஃப்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். வால்வுகள் எட்டு, கேமின் மேடுகளோ நான்கே. சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருப்பதால் ஒவ்வொரு மேடும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என வால்வைத் திறக்கும் இரண்டு டாப்பெட்டுகளைத் தள்ளுகிறது. டாப்பெட்டின் முகத்தில் உருளை ஏதும் இல்லை. இரும்பு முகம் இரும்பு மேட்டின் மேல் நேராகச் சறுக்குகிறது. தேய்மானம் ஒரே இடத்தில் விழாமலிருக்க, டாப்பெட் சுழன்றுகொண்டே இருக்கும்படி அதன் முகத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குவிந்ததாகக் கடைந்திருப்பார்கள். என்ஜினுக்குள் வேறெங்கும் எண்ணெய்ப் படலத்துக்கு இவ்வளவு நெருக்கடி இல்லை.

காற்று மாசைக் குறைக்கும் வினையூக்கி மாற்றிகள் வந்த பின், என்ஜினில் எரிந்துபோகும் எண்ணெயின் பாஸ்பரஸ் அவற்றில் படிந்து கெடுப்பது தெரிந்தது. ஆகவே பாஸ்பரஸ் அளவைக் குறைத்தார்கள். ஏ.பி.ஐ எனப்படும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரவரிசையில் 1996-ல் வந்த எஸ்.ஜே 0.10 சதவீதம் என்றது, 2004-ல் வந்த எஸ்.எம் 0.08 என்றது. இதைக் கேட்டுப் பழைய கார்க்காரர்கள் பதறினார்கள். ஆனால் அந்த வரம்பு எரிபொருள் சிக்கனத்துக்கான மெல்லிய கிரேடுகளுக்கு, அதாவது 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்றவற்றுக்கு. 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற கனமான கிரேடுகளை அது கட்டுப்படுத்தவில்லை. புதிய தர எழுத்து போட்டிருக்கிறது என்பதற்காகவே ஒரு 20டபிள்யூ-50-ஐ ஒதுக்கிவிட வேண்டாம். தயாரிப்பாளர் வெளியிடும் விவரத்தாளில் பாஸ்பரஸ் அளவைப் பார்த்தால் போதும். புது கேம் போட்ட என்ஜினைப் பழக்கும் முதல் இருபது நிமிடங்களுக்குக் கூடுதல் துத்தநாகம் நல்லது. அதன் பிறகு தனி டப்பாவில் விற்கும் துத்தநாகத்தை அள்ளிக் கொட்டினால் அதுவே இரும்பை அரிக்கத் தொடங்கும்.

இப்போது எண்ணெயை ஊற்றுவோம். ஜெனரேட்டரைத் தாங்கும் பீடத்தின் ஓரத்தில் ஊற்றுவாய் இருக்கிறது. உள்ளே போன எண்ணெய் என்ஜின் கூட்டின் அடிப்பகுதியில் தங்குகிறது. தனியாக இரும்புத் தட்டு எதுவும் இல்லை, எண்ணெய் தேங்கும் சம்ப் அந்தக் கூடேதான். அந்தக் கூடு மக்னீசியக் கலவையால் ஆனது, வெளியே விலா விலாவாகத் துடுப்புகள். கீழே ஓடும் காற்று அவற்றின் மேல் படும்போது எண்ணெயின் சூடு கொஞ்சம் இறங்குகிறது. வாங்கி வந்த எண்ணெயில் கொஞ்சம் இன்னோர் இடத்துக்கும் போகும்: பழைய பீட்டில்களின் ஏர் கிளீனர் எண்ணெய்த் தொட்டி வகை. உள்ளே வரும் காற்றின் தூசி அதே என்ஜின் எண்ணெயில் விழுந்து ஒட்டிக்கொள்ளும். மண்சாலை ஊர்களில் இதைக் கவனிக்காமல் விட்டால், உள்ளே எவ்வளவு உயர்ந்த எண்ணெய் ஊற்றினாலும் பயனில்லை. தூசி சிலிண்டரையும் பிஸ்டன் ரிங்கையும் உப்புத்தாள் போட்டதுபோல் தேய்த்துவிடும்.

என்ஜின் கிளம்பியதும், கேம்ஷாஃப்டின் முனையோடு சேர்ந்து சுற்றும் சிறிய பல்சக்கரப் பம்ப் கம்பிவலை வழியாக எண்ணெயை உறிஞ்சுகிறது. அந்த வலையில் பெரிய துகள்கள் மட்டுமே நிற்கும். பம்பைத் தாண்டியதும் எண்ணெய்க்கு இரண்டு வழிகள். எந்த வழி என்று முடிவு செய்வது ஒரு ஸ்பிரிங்கும் அதன் மேல் உட்கார்ந்த உருளையும். எண்ணெய் குளிர்ந்து கனமாக இருந்தால் அழுத்தம் ஏறி உருளையைக் கீழே தள்ளும். அப்போது எண்ணெய் கூலரைத் தொடாமல் நேரே பேரிங்குகளுக்குப் போகும், மிச்சம் சம்ப்புக்குத் திரும்பும். சூடேறி எண்ணெய் மெலிந்ததும் அழுத்தம் இறங்கும், ஸ்பிரிங் உருளையை மேலே தள்ளும், எண்ணெய் கூலர் வழியாகச் சுற்றிவர வேண்டியதாகும்.

எண்ணெய்த் தேர்வின் மொத்தப் பாடமும் இந்தச் சிறிய உருளையில்தான் இருக்கிறது என்பேன். கனமான எண்ணெய்தான் பாதுகாப்பு என்று நம்பிக் குளிர்ப்பிரதேசத்தில் 50 ஊற்றுபவரின் வண்டியில் என்ன நடக்கும்? கூலருக்குப் போகும் வழி திறக்கவே வெகுநேரம் ஆகும். எண்ணெய் தன்னுடைய உள் உராய்வாலேயே சூடாகும், அந்தச் சூட்டை இறக்கும் இடத்துக்கும் போகாது. மெல்லிய எண்ணெயை வெயில் ஊரில் ஊற்றினால் கேடு வேறு பக்கத்திலிருந்து வரும். மக்னீசியக் கூடு சூட்டில் இரும்பைவிட அதிகம் விரியும், பேரிங் இடைவெளிகள் பெரிதாகும், எண்ணெய் அவற்றின் வழியே ஓடிவிடும், அழுத்தம் சரியும். ஊரின் தட்பவெப்பத்தைக் கேட்காமல் கிரேடைச் சொல்பவர் பேச்சை எடுத்துக்கொள்ளவே கூடாது.

கூலர் இருக்கும் இடத்துக்கும் ஒரு கதை உண்டு. பழைய அமைப்பில் அது சிலிண்டர்களுக்குக் காற்றைத் தள்ளும் விசிறியின் கூண்டுக்குள்ளேயே, இடப்பக்கச் சிலிண்டர்களுக்குப் போகும் காற்றின் பாதையில் நின்றது. அதனால் மூன்றாம் சிலிண்டருக்குப் போய்ச் சேர்ந்தது கூலரால் ஏற்கெனவே சூடாகிவிட்ட காற்று. பீட்டில்களில் மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு நீண்டு முறிந்து விழுவது தெரிந்த வியாதி. 1971 மாடலின் 1600 சிசி என்ஜினில் கூலரை விசிறிக் கூண்டுக்கு வெளியே தனி அறையில் தள்ளி, அதன் சுடுகாற்றுத் தனியே வெளியேற வழி செய்தார்கள். அந்த அறையின் வடிவத்தைப் பார்த்து அமெரிக்க மெக்கானிக்குகள் நாய்க்கூண்டு என்றே அழைத்தார்கள். பழைய என்ஜின்களுக்கும் அதை வாங்கி மாட்டுபவர்கள் இன்றும் உண்டு. விலை உயர்ந்த எண்ணெய்க்குச் செலவிடுவதைவிட அது பலன் தரும் செலவு.

கூலரிலிருந்து இறங்கிய எண்ணெய் நான்கு மெயின் பேரிங்குகளுக்குப் பிரிகிறது. கிராங்கின் உள்ளே துளைத்த வழியாகக் கனெக்டிங் ராடுகளுக்குப் போகிறது. அங்கிருந்து தெறிப்பதுதான் சிலிண்டர் சுவரையும் பிஸ்டனின் அடிப்பக்கத்தையும் நனைக்கிறது. இன்னொரு கிளை டாப்பெட்டுகளுக்குள் நுழைந்து, உள்ளே குழாய்போல் இருக்கும் புஷ்ராடுகள் வழியாகச் சிலிண்டர் தலைகளில் இருக்கும் ராக்கர்களுக்குப் போகிறது. எண்ணெயின் பயணத்தில் மிகச் சூடான தங்குமிடம் இதுதான். அங்கே சூட்டை வாங்கிக்கொண்டு, புஷ்ராடுகளைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறைக்குழாய்கள் வழியாக மெல்ல இறங்கி மறுபடி சம்ப்பை அடைகிறது. அந்த உறைக்குழாய்களின் முனையிலுள்ள ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடித்தால்தான் பீட்டிலுக்குக் கீழே சொட்டு விழும். செயற்கை எண்ணெய் ஊற்றியதும் கசிகிறது என்று பலர் சொல்வது இந்த இடத்தைத்தான். எண்ணெய் அங்கே ஓட்டை போடுவதில்லை. ஏற்கெனவே கெட்ட வளையம் வெளியே தெரிய வருகிறது.

சூட்டின் கணக்கு கறாரானது. எண்ணெயின் வெப்பம் பத்து டிகிரி கூடினால் அது காற்றோடு வினைபுரிந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலாளர்கள் கைக்கொள்ளும் தோராய விதி. புவெப்லா கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது, மெக்ஸிகோ நகரம் அதற்கும் உயரத்தில். அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அந்த மெலிந்த காற்றில்தான் வோச்சோ என்று செல்லமாக அழைக்கப்பட்ட பீட்டில்கள் டாக்ஸியாக நாளெல்லாம் ஓடின. விசிறியால் தள்ள முடிந்த காற்று குறைந்தபோது எண்ணெய்தான் ஈடுகொடுத்தது. மெக்ஸிகோவில் செய்த பிற்காலப் பீட்டில்களில், 1990-களில், எரிபொருள் இன்ஜெக்‌ஷனோடும் ஹைட்ராலிக் டாப்பெட்டோடும் ஒருவழியாக எண்ணெய் ஃபில்டரும் வந்து சேர்ந்தது.

சூடு மட்டுமே எண்ணெயைக் கெடுப்பதில்லை. கடைத்தெருவரை போய்வர மட்டுமே எடுக்கும் வண்டியில் எண்ணெய் போதிய அளவு சூடாவதேயில்லை. எரிபொருள் எரிந்து உண்டாகும் நீராவி உள்ளே குளிர்ந்து எண்ணெயோடு கலக்கும். ஊற்றுவாய் மூடியைத் திறந்தால் வெளிறிய மஞ்சள் குழம்பு ஒட்டியிருக்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டினால் அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை வருகிறதென்றால் எரிபொருள் பம்பின் சவ்வு கிழிந்திருக்கலாம். எந்தக் கிரேடும் அதற்கு மருந்தாகாது.

இத்தனையும் பார்த்தபின் என் முடிவைச் சொல்கிறேன். உள்ளே எதையும் மாற்றாத, நல்ல நிலையில் உள்ள பீட்டில் என்ஜினுக்கு, வருடம் முழுவதும் வெயில் அடிக்கும் ஊரில் மினரல் 20டபிள்யூ-50. குளிரும் வெயிலும் மாறி மாறி வரும் ஊரில் 15டபிள்யூ-40. பனி விழும் ஊரில் 10டபிள்யூ-40. கையேடு சொன்ன ஒற்றை கிரேடு 30 இன்றும் தவறில்லை, மிதமான வெப்பத்தில் வண்டியை அடிக்கடி ஓட்டுபவருக்கு அது அருமையான எண்ணெய். ஏ.பி.ஐ-யின் சி.ஐ-4 தர டீசல் ஆயிலில் துத்தநாகமும் கசடைக் கழுவும் பொருளும் தாராளம். அதையும் தயங்காமல் ஊற்றலாம். பழைய வண்டிக்குக் கழுவும் பொருள் சேராத எண்ணெய்தான் ஊற்ற வேண்டும் என்ற பேச்சு தவறு. ஃபில்டர் இல்லாத என்ஜினில் கரி அடியில் படியக் கூடாது. எண்ணெயோடு மிதந்து, எண்ணெயோடு வெளியேற வேண்டும்.

செயற்கை எண்ணெய் அதிகச் சூட்டைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அதன் பெரிய பலன் நீண்ட ஆயுள். ஃபில்டர் இல்லாத என்ஜினில் 5,000 கிலோமீட்டருக்குள் அழுக்கு சேர்ந்துவிடும், எந்த எண்ணெயையும் கொட்டித்தான் ஆக வேண்டும். அந்தப் பணத்துக்கு மினரல் எண்ணெய் வாங்கி இரண்டு முறை மாற்றுவது என்ஜினுக்குச் செய்யும் பெரிய உபகாரம். ஒன்பது லிட்டருக்கு மேல் எண்ணெய் வைத்துத் தனித் தொட்டியும் ஃபில்டருமாக ஓடும் பழைய போர்ஷே 911-க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே செயற்கை எண்ணெய்க்கு நியாயம் உண்டு.

தேய்ந்த என்ஜினில் சூடானதும் எச்சரிக்கை விளக்கு மினுக்கினால் கனமான எண்ணெய் ஊற்றி விளக்கை அணைப்பது பரவலான வழக்கம். அதை நான் ஏற்கமாட்டேன். அந்த விளக்கு அழுத்தம் 0.15 முதல் 0.45 பாருக்குள் விழுந்த பிறகே எரியும். எரியவில்லை என்பது ஆரோக்கியத்துக்குச் சான்றல்ல. ஒரு அழுத்தமானியைப் பொருத்திப் பார்க்க வேண்டும்: 30 கிரேடு எண்ணெய், 70 டிகிரி சூடு, 2,500 சுற்று வேகம் இருக்கும்போது 2 பாருக்குக் கீழே போனால் பம்பையோ, உருளையின் ஸ்பிரிங்கையோ, பேரிங்கையோ பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எண்ணெய் வெளியேறும் நாளில் வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு அடியில் உள்ள போல்ட்டைத் திறக்க வேண்டும். சூடாக இருந்தால்தான் மிதக்கும் அழுக்கும் கூடவே வரும். வடிந்ததும் ஆறு சிறிய நட்டுகளைக் கழற்றி வட்டத் தட்டையும் கம்பிவலையையும் இறக்கிப் பார்ப்பதுதான் இந்த வேலையின் உயிர். சாம்பல் நிறத்தில் மின்னும் பொடி கொஞ்சம் இருப்பது இயல்பு. செதில் செதிலாக உலோகம் கிடைத்தால் பேரிங் அழத் தொடங்கிவிட்டது. காந்தத்தில் ஒட்டும் துண்டு கிடைத்தால் கேமையும் டாப்பெட்டையும் சந்தேகிக்க வேண்டும். வலையைப் பெட்ரோலில் கழுவி, இரண்டு கேஸ்கெட்டையும் செப்பு வாஷர்களையும் புதிதாகப் போட்டு மூடலாம். அந்த ஆறு நட்டுகளை 7 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கக் கூடாது. மக்னீசியத்திலிருந்து ஸ்டட் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

வடித்த எண்ணெயில் தீர்ந்துபோனவை பெரும்பாலும் சேர்மானப் பொருள்கள்தான், மூல எண்ணெயின் பெரும்பகுதி அப்படியே இருக்கும். மறுசுத்திகரிப்பு ஆலையில் நீரையும் எரிபொருளையும் ஆவியாக்கி, வெற்றிடக் கோபுரத்தில் மறுபடி வடித்து, ஹைட்ரஜனால் தூய்மை செய்தால் அது திரும்பவும் மூல எண்ணெயாகிவிடும். ஆகவே அதைச் சாக்கடையில் ஊற்றுவதோ அடுப்பெரிக்கக் கொடுப்பதோ கூடாது. மூடியுள்ள கேனில் சேர்த்துவைத்து அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். வலை கழுவிய பெட்ரோலையும் பிரேக் திரவத்தையும் அதே கேனில் ஊற்றிவிடாமல் தனித்தனியாக வைக்க வேண்டும்; கலந்த எண்ணெயை ஆலைகள் வாங்கத் தயங்கும்.